கல்லறைத் திருநாளில் வெளியான இசைத்தட்டு

சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலப்புதூரின் அந்தப் பழைய ஹாலுக்கு இன்னாசிராஜ் வந்து சேர்ந்தபோது மணி நாலு. பெட்டிக்குள் அவர்களுடைய ராக் குழுவின் முதல் இசைத்தட்டு, நூறு பிரதிகள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஆறு மணிக்கு வெளியீடு.

டிரம்ஸ் வாசிக்கும் ஹனீஃபா ரெக்கார்ட் பிளேயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேற நாளே கெடைக்கலையாடா உனக்கு? நவம்பர் ரெண்டு. உங்காளுங்க பூரா கல்லறையில மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருப்பாங்களே."

"இன்னைக்குத்தான் ஹால் காலியா இருந்துச்சு."

பச்சைப் பொய். வேண்டுமென்றேதான் இந்த நாளைப் பிடித்தான். குழுவின் பாடகன் சகாயநாதன், ஸ்ரீரங்கத்தில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் லாரி மோதிச் செத்து ஒன்றரை வருடமாகிறது. அவனுக்கு நிச்சயித்திருந்த டோரதி டீச்சரை இப்போது இன்னாசிராஜுக்குப் பேசி, கோவிலில் கல்யாண அறிவிப்பாக வாசிக்கும் மூன்று ஓலைகளில் இரண்டை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை. இருந்தும் மனசு ஆறவில்லை. உயிரோடிருப்பவனோடு மல்லுக்கட்டலாம். செத்தவனுக்குத் தொப்பை விழாது, முடி கொட்டாது, ஒருநாளும் சுருதி விலகாது. கல்லறைத் திருநாளன்று அவள் அவனிடம் போகிறாளா, தன்னிடம் வருகிறாளா? அதைப் பார்த்தே தீரவேண்டும் இவனுக்கு.

இன்னொரு காரியமும் செய்திருந்தான். சகாயம் பாடிப் பதிவான டேப் மெட்ராஸ் ஸ்டுடியோவில் நல்லபடியாகத்தான் இருந்தது. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதாக ஊரில் சொல்லிவிட்டு, அந்தக் குரலை அழித்து, அதே இடத்தில் தானே பாடிப் பதிந்துவிட்டான். "அவங்க குரலை ஒரே ஒரு தடவை கேட்டாப் போதுங்க" என்று டோரதி கெஞ்சியதுதான் அவன் வயிற்றெரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தது.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டோரதி வந்தாள்.

"கல்லறைக்குப் போகலையா?"

"ஸ்கூல் விட லேட்டாயிடுச்சுங்க. நாளைக்குப் போய்க்கலாம்னு நேரா இங்க வந்துட்டேன்."

ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முன்வரிசையில் அவளை உட்காரவைத்துவிட்டு மேடையேறினான். வந்திருந்தவர்கள் இருபது பேர்கூடத் தேறமாட்டார்கள். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஹனீஃபா ஊசியை இறக்கினான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் ஹாலில் காற்று அசையவில்லை. எங்கிருந்தோ சாமந்திப்பூ வாசமும், உருகிய மெழுகின் வாடையும், நனைந்த மண்ணின் நெடியும் வந்தன. கல்லறைத் தோட்டம் அங்கிருந்து ஒரு மைல்.

கிடார் ஒலித்தது. அவன் வாசித்ததுதான்.

பிறகு குரல் வந்தது.

அவன் குரல் இல்லை.

நேற்று மெட்ராசில் போட்டுக் கேட்டபோது அவன் குரல்தான் வந்தது. இப்போது அந்த வரியைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மூச்சை விட்டுப் பாடுவது வேறொருவன்.

"டேய்," ஹனீஃபா கிசுகிசுத்தான். "சகாயம்டா இது."

இன்னாசிராஜ் தட்டைப் பிடுங்கி எறிந்தான். பெட்டியிலிருந்து வேறொன்றைப் போட்டான். அதே குரல்.

மூன்றாவதைப் போட்டான். அதிலும் அதே குரல். இந்த முறை பாட்டு கடைசிவரை ஓடியது. ஊசி தேயும் கரகரப்புக்குள், வெகு பக்கத்தில் யாரோ பேசினார்கள்.

"டோரதி. ரொம்ப நேரம் பாத்தேன். நீ வரலை. அதான் நானே வந்துட்டேன்."

முன்வரிசையில் டோரதி அழுதுகொண்டே சிரித்தாள். இவனைப் பார்த்து ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த நிலையிலும் அதுதான் அவனைச் சுட்டது. மேடையிலிருந்து குதித்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனான்.

அவள் அதன்மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க. இங்க ஆள் இருக்காங்க."

காலி நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்ததுபோல.