வைத்தீஸ்வரன் பார்த்த சமையலறை

தன் வீட்டுச் சமையலறையை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக வைத்தீஸ்வரன் சொன்னபோது, பியூலாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவரைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. டம்ளர் தண்ணீரில் பாதியை மடியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் சவுரிமுத்துவின் அலுவலகம். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக எரிந்த வீடுகளையும் இடிந்த கடைகளையும் அளந்துவிட்டு, இப்போது துப்பறிகிறார். அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த அவசரத்தையும் சேர்த்துப் படுகிறவள் டைப்பிஸ்ட் பியூலா. நாற்பது வயதாகியும், கேஸ் ஒன்று மாடியேறி வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நிதானமா சொல்லுங்க" என்றார் சவுரிமுத்து.

வைத்தீஸ்வரன் வங்கியில் அதிகாரி. பொழிச்சலூரில் சொந்த வீடு.

"மேற்குத் தாம்பரத்துல வருஷா வருஷம் மே மாசம் வீட்டு அலங்காரப் பொருட்காட்சி போடறாங்களே சார், நானும் என் மிஸஸும் ஒரு வருஷம்கூட அதை விட்டதில்ல. அவ போனப்புறம் மூணு வருஷமா நான் அந்தப் பக்கமே போகல. போன ஞாயித்துக்கிழமைதான் போனேன். பதினேழாம் நம்பர் ஸ்டால்ல மாடல் கிச்சன் ஒண்ணு வெச்சிருக்காங்க. அது என் வீட்டுக் கிச்சன் சார். என் நாகலக்ஷ்மி செத்துப்போன அன்னிக்கு இருந்த கிச்சன்."

"எப்படி இறந்தாங்க?"

"கிரைண்டர்ல ஷாக் அடிச்சு. எண்பத்தொம்பது, மார்ச் ஒன்பதாம் தேதி. நான் ஊர்ல இல்ல. முந்தின நாளே ஆபீஸ் வேலையா மதுரைக்குப் போயிட்டேன். லாட்ஜுக்கு டிரங்க் கால் வந்து, ராத்திரியோட ராத்திரியா பஸ் பிடிச்சு மறுநாள் காலையிலதான் வீட்டுக்கு வந்தேன். கிச்சன் அப்படியே கிடந்தது. இப்பவும் கண்ணுலயே நிக்குது."

"ஸ்டால்ல என்னென்ன பார்த்தீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீலப் பக்கெட்டுல ஊறின அரிசி. ஆணியில தொங்கற ஈரத் துண்டு. தேதி கிழிக்கிற காலண்டர்ல மார்ச் ஒன்பது. கிரைண்டர் சுவிட்சு மேல கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஒண்ணு விடல சார், எல்லாம் அப்படியே."

சட்டைப் பையிலிருந்து மனைவியின் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எடுப்பான மூக்கு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். பியூலாவுக்கு மனசு இளகிவிட்டது.

"எவ்வளவு லட்சணமான குங்குமம்!" என்றாள்.

"கடைசி வரைக்கும் குங்குமம்தாம்மா. ஸ்டிக்கர் பொட்டு பட்டாலே அரிக்கும்னு தொடவேமாட்டா." படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் பதினாலாம் தேதி எனக்கு ரெண்டாம் கல்யாணம். சேலையூர்ப் பொண்ணு. சனிக்கிழமை அவங்க குடும்பத்தோட அந்தப் பொருட்காட்சிக்கு வராங்க. அதுக்குள்ள இது யார் வேலைன்னு கண்டுபிடிச்சு நிறுத்திடுங்க. மனுஷ வேலையா இருந்தா."

அன்று பிற்பகலே இருவரும் போனார்கள். தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததிலிருந்தே பியூலாவுக்கு என்னவோ போலிருந்தது. எந்த வீட்டுக்கும் போகாத கதவுகள் வரிசையாக நின்றன. விரித்த மெத்தைகளில் யாரும் படுக்கவில்லை. தொட்டிலில் ஒரு பொம்மை கிடந்தது. ஒலிபெருக்கி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. யாரும் வருவதாகத் தெரியவில்லை.

பதினேழாம் எண் சமையலறையில் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வெறும் தண்ணீரில் கல் கடகடவென்று புரண்டது. நீலப் பக்கெட் இருந்தது. துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. மாவரைத்துக்கொண்டிருந்தவள் இப்போதுதான் பின்கட்டுக்குப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்பதுபோல் இருந்தது.

அப்போது பார்த்து மின்சாரம் போயிற்று.

கொட்டகை இருண்டது. கல் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, ஒரு முறை உறுமி நின்றது. ஊறின அரிசியின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மூச்சை இழுத்துத் தேம்புவது கேட்டது. பியூலா ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே சவுரிமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

விளக்குகள் எரிந்தன. கிரைண்டர் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்தது.

சவுரிமுத்து சுவரிலிருந்த சுவிட்ச் போர்டின் முன் குனிந்து நின்றார். போர்டின்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி ஒன்று நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. திருகாணிகளின் தலையில் சுவரின் பெயின்ட் விரிசல் விடாமல் படிந்திருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுவிட்சுகள் தெரிந்தன.

"பொட்டைக் காணோமே சார்!"

"ஆமாம்" என்றார் அவர்.

பலகைக்குப் பின்னாலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கண் சிவந்திருந்தது. நெற்றியில் நீளமான கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. அந்த மூக்கைப் பார்த்ததும் பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் பார்த்த அதே மூக்கு.

"இதை வரைஞ்சது யாரும்மா?" என்று கேட்டார் சவுரிமுத்து.

"நான்தான் சார். கம்பெனியில டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பேரு லோகநாயகி."

"இந்த மூடி எப்ப போட்டது?"

"திறப்பு விழாவுக்கு முதல் நாள். குழந்தைங்க கை வெச்சிடும்னு எல்லா ஸ்டால்லயும் போடச் சொன்னாங்க. போட்டப்புறம்தான் பெயின்ட் அடிச்சோம். அதுக்கப்புறம் கழட்டவே இல்ல. கிரைண்டரைப் பின்னாடி மெயின்லயே போட்டு அணைக்கறோம்."

வெளியே வந்ததும் பியூலா பொரிந்து தள்ளினாள். "செத்தவங்களோட தங்கச்சிதான் சார் அது! அக்கா கிச்சனை அப்படியே கட்டி அந்த மனுஷனைப் பயமுறுத்துறா. கேஸ் முடிஞ்சுது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"பேய் இருக்கு பியூலா" என்றார் சவுரிமுத்து. "அவர் பார்த்தாரே, அந்தப் பொட்டு. நாளைக்குப் பொழிச்சலூர் போவோம்."

பொழிச்சலூரில் அவர் தேடிப்போனது மின்வாரிய லைன்மேன் பொன்னுரங்கத்தை. கம்பத்திலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டே பொன்னுரங்கம் சொன்னார்.

"அத்த மறக்க முடியுமா சார்? சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் பக்கத்து வூட்டம்மா பார்த்து கத்திச்சு. நான் ஓடியாந்தேன். சுவிச்சு போட்டது போட்டபடி கீது, ஃபியூஸ் போயிருந்துச்சு. எவனாவது தொட்டுத் தொலைக்கப் போறான்னு ஆறு மணிக்கே போர்ட கழட்டினு போயிட்டேன். அய்யா மறுநாளு காலைல வர்றப்ப செவுத்துல ஓட்டதான் இருந்துச்சு."

"போர்டுல வேற ஏதாவது பார்த்தீங்களா?"

"கிரைண்டர் சுவிச்சு மேல கறுப்பா, நீட்டா ஒரு பொட்டு ஒட்டினு இருந்துச்சு. பொம்பளைங்க கண்ட எடத்துல ஒட்டுவாங்க, இதுல இன்னா கீதுன்னு வுட்டுட்டேன். யாராண்டயும் சொல்லல."

சவுரிமுத்து அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். பியூலாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். அந்த அரை மணி நேரத்துக்கு அவரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பொதுமக்களை உள்ளே விடுவதற்கு முன், பதினேழாம் எண் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். வைத்தீஸ்வரன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். லோகநாயகியைக் கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "நீயா? உன் வேலைதானா?" என்றார். பொன்னுரங்கம் ஓரமாக நின்றார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டேப்பை வைத்து அலமாரியை அளந்துகொண்டிருந்தார்.

"லோகநாயகி, உங்க அக்கா வீட்டுக்கு அன்னிக்குப் போனீங்களா?" என்று ஆரம்பித்தார் சவுரிமுத்து.

"காலையில போனேன் சார். மாவரைக்க உதவி செய்ய. கிரைண்டரைத் தொட்டதும் எனக்கு ஷாக் அடிச்சுது." அவள் சுவரிலிருந்த போர்டைக் காட்டினாள். "ஒயரை நேரா போர்டுலயே கொடுத்திருந்ததால பிடுங்க முடியல. சுவிட்சை அணைச்சிட்டு, என் நெத்திப் பொட்டை எடுத்து அது மேல ஒட்டினேன். 'பொட்டு இருக்கற சுவிட்சைத் தொடாதேக்கா, எலக்ட்ரீஷியன் வரட்டும்'னு சொல்லிட்டுப் பதினோரு மணிக்கு வேலைக்குப் போனேன்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எப்படி சார் சொல்வேன்? பொட்டு உதிர்ந்திருக்கும், அக்கா மறந்து போட்டிருப்பா. ஒழுங்கா ஒரு காகிதமாவது எழுதி ஒட்டாம, பொட்டை ஒட்டிட்டுப் போனவ நான். அக்காவை நானே கொன்னுட்டேன்னுதான் இத்தனை நாளா... இவர் அடுத்த கல்யாணத்துக்கு நிக்கறதைக் கேட்டதும் ஆத்திரம் தாங்கல. அக்காவோட வருஷா வருஷம் வந்தவராச்சே, இந்த வருஷமும் வந்து பார்க்கட்டும்னு கட்டினேன். அந்தப் பொட்டை மட்டும் வைக்க மனசு வரல."

"வைக்கல" என்றார் சவுரிமுத்து. "மூடியோட திருகாணிமேல பெயின்ட் கலையல, வெச்சு எடுக்கவும் முடியாது. ஆனா சார் அதைப் பார்த்திருக்கார். இங்க இல்லாத பொட்டு, அன்னிக்கு இருந்த பொட்டு. மத்ததெல்லாம் மறுநாள் காலையில பார்த்திருக்கலாம். போர்டு மட்டும் முந்தின சாயங்காலமே போயாச்சு. பதினோரு மணிக்கு அப்புறம், ஆறு மணிக்கு முன்னால அந்தச் சமையலறையில நின்னவருக்குத்தான் அந்தப் பொட்டு தெரியும். வைத்தீஸ்வரன் சார், உங்க மனைவி அதைத் தொடமாட்டாங்க. அது எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க ஈரக் கையோட கிரைண்டரைத் துடைக்கறப்ப, பொட்டு எதுக்குன்னு தெரியாத, ஆனா ஷாக் அடிக்கும்னு தெரிஞ்ச ஒரு கை சுவிட்சைப் போட்டிருக்கு."

"நான் மதுரையில இருந்தேன்!"

"அன்னிக்கு ராத்திரி எட்டேகாலுக்குத்தான் இருந்தீங்க" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "நான் இன்ஸ்பெக்டர். லாட்ஜ் ரிஜிஸ்டர்ல எட்டாம் தேதி உங்க பேரே இல்ல. ஒன்பதாம் தேதி ராத்திரிதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மதியம் தாம்பரத்துல நிக்கற ரயிலைப் பிடிச்சா சரியா அந்த நேரத்துக்குப் போய்ச் சேரலாம்."

 வைத்தீஸ்வரனின் கண் சுவிட்ச் போர்டையே வெறித்துக்கொண்டிருந்தது. இப்போதும் அவருக்கு அது தெரிகிறது என்று பியூலாவுக்குத் தோன்றியது. இன்ஸ்பெக்டர் தோளைத் தொட்டதும் மனிதர் அவருடன் நடந்தார்.

லோகநாயகி பொன்னுரங்கத்தின் முன்னால் போய் நின்றாள். "அண்ணா, நீங்க பார்த்தப்ப... பொட்டு விழலையா?"

"வுழலம்மா. கெட்டியா ஒட்டினு இருந்துச்சு. நான்தான் நகத்தால சொரண்டி எடுத்தேன்."

அவள் அந்தப் பொய்ச் சமையலறையின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. பியூலா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், பெற்றோருடன் யாரையோ தேடிக்கொண்டே வந்தாள். சேலையூர்க் குடும்பம்.

"நான் போய்ச் சொல்றேன்" என்று எழுந்தாள் பியூலா.

"வேண்டாங்க." லோகநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். நானே சொல்றேன்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.