வெள்ளை நூல், சிவப்பு நூல்

காய்ந்த துணியை எடுக்கச் சாயங்காலம் முற்றத்துக்கு வந்த இட்சுகோவின் கண்ணில் அந்த வெள்ளை நூல் பட்டது. மூங்கில் வேலியில் படர்ந்திருந்த அசகாவோ என்கிற காலைப்பூக் கொடியில், மறுநாள் விடியலில் விரிய வேண்டிய ஒரு மொட்டுக்கு யாரோ காகிதக் குல்லாய் மாட்டி, காம்பில் நூலைச் சுற்றி முடிச்சும் போட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் அப்படி நூல் கட்டுகிற ஆள் ஒரே ஆள்தான். அவளுடைய புருஷன் கியோஹிசா. அவர் கல்லீரல் கெட்டு, பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இட்சுகோவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். கல்யாணமான நாளிலிருந்து கோடைக்காலம் என்று ஒன்றை அவள் கண்டதில்லை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கடற்கரைக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போவார்கள். இவர் மட்டும் "பூவை விட்டுட்டு எப்படி வர்றது?" என்பார். அசகாவோவில் நீலம் உண்டு, சிவப்பு உண்டு, வெள்ளை உண்டு, மண்நிறம்கூட உண்டு. நல்ல மஞ்சள்தான் கிடையாது. அதை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று அந்த மனுஷர் ஆயுசையே தொலைத்தார். பொழுது சாயும் நேரத்தில் மொட்டைச் சாமணத்தால் பிரிப்பார், உள்ளே நிற்கும் ஆண் இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார், குல்லாய் மாட்டுவார், வெள்ளை நூல் கட்டுவார். பூ தயார் என்று அதற்கு அர்த்தம். விடியலில் மொட்டு விரிந்ததும் வேறொரு பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவிவிட்டு, வெள்ளையை அவிழ்த்துவிட்டுச் சிவப்பு நூல் கட்டுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம். வருஷா வருஷம் விதை முளைக்கும். வருஷா வருஷம் அதே நீலம்.

பிள்ளை இல்லாத வீடு அது. மாமியார் இருந்தவரை அதையும் இவள் தலையில்தான் கட்டினாள். கியோஹிசா ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

அவள் அந்த நூலைப் பிடித்து இழுத்தாள். கியோஹிசாவைப்போல இடது கைக்காரர் போடுகிற முடிச்சு அது, வலது கையால் அவிழ்க்க வராது. நூலின் நுனியைக் கத்தரியால் வெட்டவில்லை, பல்லால் கடித்துத் துப்பியிருந்தது. விரலில் பட்டபோது அந்த நுனி ஈரமாக இருந்தது.

கமேதாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். கியோஹிசாவின் பூக்கூட்டாளி அவர். மடிப்பு இலையும் கிழிந்த இதழுமாக இருந்த வேடிக்கைப் பூத்தொட்டிகளையெல்லாம் அவருக்கே தூக்கிக் கொடுத்தாயிற்று. இன்னும் என்ன வேண்டுமாம்? மறுநாள் வாசலில் அவரைக் கண்டதுமே பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கமேதா அண்ணே, வேலி தாண்டி வந்து பூவுக்கு நூல் கட்டறீங்களே, கதவைத் தட்டினா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நானா? என் முட்டிக்கு நான் மாடிப்படி ஏறறதே பெரும்பாடு. வேலி எங்கம்மா தாண்டறது?"

"பின்னே எனக்கென்ன பொழுதுபோகலைன்னு நானே கட்டிக்கிட்டேனா?"

அவர் சிரித்தபடியே கொடிக்குப் பக்கத்தில் போனார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, செத்தவங்க வீட்டுக்கு வர்ற ஓபோனுக்கு வாசல்ல தீ போட்டீங்கல்ல?"

"போடாம? முதல் வருஷமாச்சே. விளக்கு, அவர் ஏறி வர வெள்ளரிக்காய்க் குதிரை, எல்லாம் வெச்சுத்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டது சரி. கடைசி நாள் வழியனுப்பவும் தீ போட்டீங்கல்ல?"

இட்சுகோ தேநீர் எடுக்க உள்ளே திரும்பினாள். அன்றைக்கு மழை. சணல் குச்சி நமுத்துப் போயிருந்தது. குடையும் தீப்பெட்டியுமாக வாசலில் குந்தி உட்கார்ந்தவளுக்கு ஏதோ ஒரு வெறுப்பு தொண்டைவரைக்கும் வந்தது. உயிரோடு இருந்தபோது எத்தனை நாள் எனக்குக் குடை பிடித்தீர்கள், போகத் தெரிந்தவருக்கு வழி தெரியாதா என்று முணுமுணுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

கமேதாவுக்காகத் தேநீர் போட்டு வைத்திருந்தாள். அவர் குடிக்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் நூல். அவள் பிய்த்து எறிவாள், மறுநாள் பொழுது சாயும்போது இன்னொரு மொட்டில் இருக்கும். தப்பிய காம்புகளில் விடிந்ததும் சிவப்பு ஏறியிருக்கும். ஒரு நாள் காலை, அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு வாடை வந்தது. மருந்தும் வியர்வையும் வாடிய பூவும் கலந்த ஆஸ்பத்திரி வாடை, கியோஹிசாவின் கடைசி நாட்களில் அவள் போர்வைபோல உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு வீடு திரும்பிய அதே வாடை. அப்போது அவருக்குக் கண், நகம், தோல் எல்லாம் மஞ்சளாகியிருந்தது. ஒரு மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் தன் கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று. "இந்த நிறம்தான் இட்சுகோ," என்றார். "இதைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்."

அந்த நினைப்பு வந்ததும் அவள் அரிசியை அப்படியே வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் பண்ணினாள். சுமியே என்ற அந்தத் தங்கை இருப்பது சோஷியில், கடலோரம்.

"இந்த வீட்டை வித்துத் தொலைச்சிட்டு உன்கிட்டயே வந்துடறேண்டி."

"இதைத்தானே அக்கா நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நாளைக்கு முதல் ரயில்ல நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மூட்டையைக் கட்டு."

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கடல், தங்கை, வறுத்த மத்தி மீன், பூவே இல்லாத ஒரு முற்றம். இன்னும் ஒரே ஒரு ராத்திரி.

அன்று மத்தியானம் கத்தரியை எடுத்துக்கொண்டு அத்தனை கொடியையும் அடியோடு வெட்டிக் குவித்தாள். மிச்சமிருந்த சணல் குச்சிகளை வாசலில் அடுக்கி, தவறவிட்ட தீயை மூட்டப் பார்த்தாள். ஒரு குச்சி கிழித்தாள், அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. காற்றே இல்லை. "போய்த் தொலைங்களேன்," என்று அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னபோது ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. ஆனால் புகை தெருப்பக்கம் போகவில்லை. தாழ்ந்து, வாசற்படி ஏறி, நிதானமாக, செருப்பைக் கழற்றிவிட்டு வரும் ஆளைப்போல வீட்டுக்குள் போனது.

உள்ளே போக அவளுக்கு மனமில்லை. ஆனால் கட்டிய மூட்டை உள்ளேதான் இருந்தது. பாயில் சற்றே சாய்ந்தாள். அலுப்பு கண்ணைச் செருகியது.

எதுவோ உரசும் சத்தத்தில் விழித்தாள். ஜன்னலில் கடைசி வெளிச்சம். வலது கை கனத்தது. தூக்கிப் பார்த்தாள்.

கைக்குக் காகிதக் குல்லாய் மாட்டியிருந்தது.

மணிக்கட்டில் வெள்ளை நூல். நுனி ஈரம்.

பல்லால் காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே கை இறுக மூடியிருந்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு, முறுக்கிக்கொண்டு, ஒரே கூம்பாக நின்றன. திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை. இடது கையால் பிரிக்கப் பார்த்தாள். வலிக்கவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அது அவள் கையாக இருந்தால் வலித்திருக்கும்.

கதவுக்கு ஓடினாள். கதவு நகரவில்லை. பனிக்கண்ணாடிக்கு வெளியே நிழல்கள். இதய வடிவ இலைகள். மத்தியானம் அவள் வெட்டிப் போட்டவை. கதவு, சட்டம், நிலை எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றியிருந்தன.

"ஒகுரியம்மா," என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். குரல் புகையில் அடைத்தது. போன் கம்பியைக் கொடி இறுக்கியிருந்தது. கத்தரியைத் தேடினாள். கிடைக்கவில்லை. சாமணம் மட்டும் மேஜைமேல் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு, புருஷனின் சாம்பலோடு புதைத்தது அவளேதான்.

விளக்கை எரியவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். வெள்ளை நூல்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தயார் என்றுதான் அர்த்தம். முடிந்தது என்று அர்த்தமில்லை. சுமியே முதல் ரயிலில் ஏறிவிடுவாள். தூங்கக் கூடாது. கண்ணை மூடக் கூடாது.

மூடவில்லை. சிமிட்டினாள், அவ்வளவுதான்.

வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் முதல் ரயில் கூவியது. பக்கத்தில், பாயில், யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். ஆஸ்பத்திரி வாடை.

மணிக்கட்டில் சிவப்பு நூல்.

வெளிச்சம் ஜன்னலைத் தாண்டி அவள் மடிக்கு வந்தது. மூடிய கை அசைந்தது. அவள் அசைக்கவில்லை. சுண்டுவிரல் முறுக்கவிழ்ந்தது. அப்புறம் அடுத்தது. மெல்ல. சத்தமில்லாமல். ஒரு விரல் விலக, அடுத்த விரல் இடம் விட, கை முழுவதும் ஒரே சுற்றாகச் சுழன்று விரிந்தது.

உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. நல்ல மஞ்சள். அதன் நடுவில் பனித்துளிபோல ஈரம்.

அவள் காதோரம் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள், இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து கேட்டிராத அவ்வளவு சந்தோஷத்தோடு. இடது கையும் மெதுவாக மூடிக்கொள்ளத் தொடங்கியது.