கூட்டுக்குள் நாலு முட்டை

1997 மே 14, புதன்கிழமை. காலை மணி 9.10.

மாடி அறையின் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூட வளையவில்லை. மேஜை இழுப்பறையில் இருந்த ஓவிய நோட்டு மட்டும் போய்விட்டிருந்தது.

"அறுபத்திரண்டு படம், சார்! பதினோரு வருஷத்து உழைப்பு!" என்று ஸ்டேஷன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார் சாம்பசிவன். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மைசூர் விஜயநகரில் சொந்த வீடு. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னோட கண்காட்சி. காலண்டர் கம்பெனிக்காரா வர்றா. காலி ஃபிரேமையா மாட்டி வெக்கறது?"

சப்-இன்ஸ்பெக்டர் உதயகுமார் எதிரில் இருந்த இட்லிப் பொட்டலத்தை மூடினார். மறுநாள் காலை கொள்ளேகாலத்தில் மைத்துனனுக்குக் கல்யாணம். அவர் கேட்டதோ மூன்று நாள் லீவு, கிடைத்தது ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வந்து குறுக்கே படுத்திருந்தது.

"யாரு மேலயாவது சந்தேகமுங்களா?"

"சந்தேகம் என்ன, நிச்சயம். பக்கத்து மனையிலே மூணு மாடி கட்டறா. அங்கே மாரிசாமினு ஒரு கொத்தன் இருக்கான். அவன் பெட்டியைத் திறந்து பாருங்கோ. ஸ்வல்பம் பேகா பண்ணுங்கோ, சார்!"

'சீக்கிரம்' என்பதைக் கன்னடத்தில் சொன்னால் போலீஸ் சீக்கிரம் வேலை செய்யும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ என்று உதயகுமார் நினைத்துக்கொண்டார். அதற்குள் மேலதிகாரியிடமிருந்து முதல் போன் வந்துவிட்டது. சாம்பசிவனுக்கு வேண்டியவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள்.

மணி 10.25.

கட்டடத்தின் ஓரம் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி. கான்ஸ்டபிள் மதன் மேலே இருந்த துணிகளை விலக்கியதும் ஒரு பச்சை ரவிக்கைத் துண்டு வந்தது. கடை மடிப்புக் கலையாத புதுத் துணி. பிரித்தால், வாடிய வெற்றிலை இரண்டு, கொட்டைப் பாக்கு ஒன்று, மஞ்சள் கிழங்கு ஒன்று, அவற்றுக்கு அடியில் கோடு போடாத நீள நோட்டு.

"இது யாருது?"

"எங்களுதுங்க, சாமி" என்றான் மாரிசாமி. ஹனூர்ப் பக்கத்துக்காரன். பயத்தில் கொத்துக் கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். அவன் மனைவி காவேரி கலவைச் சட்டியை இறக்கிவிட்டு வந்தாள். புருஷனை ஏற்றியதும் தானும் ஜீப்பில் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்ததும் உதயகுமார் நோட்டைப் புரட்டினார். படத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் புரட்டிய கை நின்றுவிட்டது. முதுகும் இரண்டு சிறகும் பிளந்த வாலும் முழுசாகத் தெரிய வட்டமிடும் பருந்து. மேயும் பசுவின் முதுகெலும்பு நெடுக நடந்துபோகும் கொக்கு. மணல் குவியலில் வளையம்போல் சுருண்டு தூங்கும் நாய். கடைசிப் படத்தில் ஒரு காக்கைக் கூடு. சுள்ளிகளுக்கு நடுவே முறுக்கின மெல்லிய கம்பித் துண்டுகள். கூட்டுக்குள் புள்ளி புள்ளியாய் நாலு முட்டை. எல்லாப் படத்துக்கும் கீழே நீல மையில் 'சாம்பசிவன்' என்று கையெழுத்து.

மணி 11.40.

"கையெழுத்து அவருது. நோட்டு உன்னுதுங்கறியா?"

"எங்களுதுதானுங்க."

"நீ மாடியில வேலை செய்யறவனா?"

"இல்லீங்க. கீழ்த்தளத்துல பூச்சு வேலை. ஆறு மாசமா அங்கியேதான்."

"அவரு ரூமுக்குள்ள எப்படிப் போன?"

"நான் அந்த ஊட்டுப் படியே ஏறினதில்லீங்க."

உதயகுமார் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவன் பக்கம் தள்ளினார். "ஒரு காக்காய் போடு பாப்பம்."

மாரிசாமி வியர்த்து விறுவிறுக்க ஐந்து நிமிஷம் போட்டான். அது குழம்புக் கரண்டி மாதிரி இருந்தது. மதன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பார்த்தேளா!" என்றார் சாம்பசிவன்.

உதயகுமார் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கே வெச்சு வரைஞ்சீங்க?"

"குக்கரஹள்ளி ஏரிக் கரை. தினமும் காலை ஆறு மணி. அங்கே ஒரு கல் பெஞ்சு. அதிலே உக்காந்துண்டு அண்ணாந்து பார்ப்பேன், வரைவேன். பதினோரு வருஷமா ஒருநாள் தப்பினதில்லே."

"இந்தக் காக்காய்க் கூடு?"

"அதுவும் அங்கேதான். பெஞ்சுக்கு மேலேயே பெரிய மரம். விடுங்கோ சார், இது என்ன பரீட்சையா?"

இரண்டாவது போன் வந்தது.

மணி 1.15.

பூட்டு உடையாமல் நோட்டு எப்படி வெளியே போனது என்று எழுதாமல் வழக்கை முடிக்க முடியாது. ஆகவே பசியோடு சாம்பசிவன் வீட்டுக்குப் போனார் உதயகுமார். அறைச் சாவியைச் சாம்பசிவன் பூணூலில் முடிந்து வைத்திருந்தார். இன்னொரு சாவி தொலைந்து வருஷக்கணக்காகிறது என்றார். சுவரெல்லாம் அவர் வரைந்த யானைகள். அழகான யானைகள்தான். எல்லாமே ஒரே பக்கம் பார்த்து, ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

அவர் மனைவி வாலாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஸ்டேஷன்லே அந்தப் பொண்ணுக்கு ஏதாவது சாப்பிடக் குடுத்தேளா?"

"நீ உள்ளே போ" என்றார் சாம்பசிவன். அவள் போய்விட்டாள்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜன்னலுக்குத் தாவ முடியுமா என்று பார்க்க, மொட்டை வெயிலில் உதயகுமார் மூன்றாவது மாடிக்கு ஏறினார். தாவ முடியாது. நடுவில் இருபதடி இடைவெளி, அதில் ஒரு சவுக்கு மரம். எட்டிப் பார்த்த மாத்திரத்தில் ஒரு காக்கை வந்து தொப்பியைத் தட்டிவிட்டது. குனிந்தார். காலுக்கு நேர் கீழே, மர உச்சியில் கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள் சிவந்த வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கூட்டில் கம்பி மின்னியது. காக்கை இரண்டாவது முறை வந்தபோது தான் போலீஸ்காரர் என்பதையும் மறந்து ஓடி இறங்கினார்.

மணி 2.40.

"ரிமாண்ட் பண்ணி அனுப்பிடு, அதுக்கு என்ன யோசனை?" என்றது மூன்றாவது போன்.

அவர் எரிச்சலோடு கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தார். நோட்டு ஒன்று. புது ரவிக்கைத் துண்டு ஒன்று. வெற்றிலை இரண்டு. பாக்கு ஒன்று. மஞ்சள்...

பேனா நின்றது.

அவர் அதைக் கீழே வைத்தார். பிறகு நோட்டின் கடைசிப் படத்தைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தார். அடுத்த நிமிஷம் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

"மதன்! அவர் வீட்டு அம்மாவைக் கூட்டிட்டு வா. மரியாதையாக் கூட்டிட்டு வா."

மணி 3.30.

சாம்பசிவன், வாலாம்பாள், மாரிசாமி, வாசலோரம் தரையில் காவேரி. ஸ்டேஷன் அறையில் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு மின்விசிறி.

"மாஸ்டர், இந்தக் கூட்டுக்குள்ள எத்தனை முட்டை?"

"நாலு. ஏன்?"

"பெஞ்சுல உக்காந்து அண்ணாந்து பாத்தீங்க. சரி. அண்ணாந்து பாக்கறவனுக்குக் கூட்டோட அடி தெரியும். உள்ள கிடக்கற முட்டை எப்படிங்க தெரியும்?"

சாம்பசிவன் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"பருந்தைப் பாருங்க. கீழ நின்னு பாத்தா வயிறு தெரியணும். இதுல முதுகு தெரியுது. பசு, கொக்கு, நாய், எதை எடுத்தாலும் மேல இருந்துதான் பாத்திருக்கு. காலையில இருந்து இருபது தடவை புரட்டிட்டேன், என் மண்டைக்கு ஏறலை. கூட்டுல இருக்கறது கட்டுக்கம்பி. கான்கிரீட் வேலை நடக்கற இடத்துலதான் காக்காய்க்கு அது கிடைக்கும். அந்தக் கூட்டை நான் இன்னைக்கு நேர்ல பாத்தேன், தலையில கொத்தும் வாங்கினேன். இதை வரைஞ்சவங்க மூணாவது மாடியில நின்னு வரைஞ்சிருக்காங்க."

"அவனுக்குத்தான் காக்காயே வரையத் தெரியலியே!"

"தெரியாது. அவன் வேலை கீழ்த்தளத்துல. நான் கேட்டப்ப 'என்னுது'ன்னு அவன் சொல்லவே இல்லை. 'எங்களுது'ன்னான். மேல மாடிக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை கலவை தூக்கிட்டுப் போறது யாரு?" உதயகுமார் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான?"

"ஆமாங்க" என்றாள் காவேரி.

"காலையில இருந்து இங்கியே உக்காந்திருக்க. வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"என்னைய யாரும் கேக்கலீங்க. அவரைத்தான் கேட்டீங்க. நான் பேச வந்தப்ப, பொம்பளை சும்மா இருன்னு அந்த ஏட்டு சொன்னாரு."

மதன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்போ இப்பவே இவ ஒண்ணு வரையட்டும்!" என்று சாம்பசிவன் எழுந்தார். உதயகுமார் பென்சிலை நீட்டினார். காவேரி பென்சிலை வாங்கிக்கொண்டாள், வரையவில்லை.

"பாக்காம நான் வரையறதில்லீங்க. தெனமும் சோத்து நேரத்துல அரை மணி, எதுனா ஒண்ணு. கண்ணு முன்னால இருந்தாத்தான் வரும். இங்க என்ன இருக்குது, நீங்கதான் இருக்கீங்க."

"கதை! பூட்டின அறைக்குள்ளேருந்து எப்படி எடுத்தா? அதைச் சொல்லுங்கோ!"

"திருடறவன் வெத்தலை பாக்கு, மஞ்சள், புது ரவிக்கைத் துணியோடவா திருடுவான்?" என்றார் உதயகுமார். "வீட்டுக்கு வந்த சுமங்கலிக்கு வெச்சுக் குடுக்கறது அது. இந்த அம்மா நான் போனப்ப மாரிசாமியைப் பத்திக் கேக்கலை. 'அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா'ன்னு கேட்டாங்க. ஏனுங்கம்மா, அந்த ரெண்டாவது சாவி தொலையலைதான?"

வாலாம்பாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அரிசி டின்லேதான் இருந்தது, பத்து வருஷமா. குடிதண்ணிக்கு வர்றச்சே இவதான் நோட்டைக் காமிச்சா. நான்தான் இவர்கிட்டே காட்டினேன். ரெண்டு நாள்லே தரேன்னு வாங்கிண்டார். ஒரு மாசமாச்சு. ஒருநாள் பேனாவை எடுத்துண்டு உக்காந்து எல்லாத்துலேயும் கையெழுத்துப் போடறார். குடுத்துடுங்கோ, குடுத்துடுங்கோன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து இவர் கண்காட்சி ஹாலைப் பார்க்கப் போனப்புறம் திறந்து எடுத்து, அவ கையிலேயே குடுத்துட்டேன். காலம்பற இவர் நேரே போலீஸுக்குப் போவார்னு நினைக்கலே."

"யாரோட பெட்டியில இருக்கும்னு மாஸ்டருக்குத் தெரிஞ்சிருந்துது" என்றார் உதயகுமார். "ஏன்னா யாரோட நோட்டுன்னு தெரியும். இந்தக் கேஸ்ல திருடன் நீங்கதானுங்க, மாஸ்டர். பொய்ப் புகார் குடுத்ததும் நீங்கதான்."

சாம்பசிவன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஒரு நாளிலேயே அவருக்கு வயது ஏறிவிட்டதுபோல் இருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்தேன்" என்றார் மெதுவாக. "எனக்கு இப்படி ஒரு கோடு வரலியே, சார். ஒரே ஒரு தடவை என் பேரிலே மாட்டிப் பார்க்கணும்னு..."



மணி 4.05.

உதயகுமார் நோட்டைக் காவேரியின் கையில் கொடுத்தார். அவள் கட்டைவிரலை எச்சில் தொட்டு நீலக் கையெழுத்தைத் தேய்த்தாள். அது இன்னும் பரவியது.

"கேஸ் போடறதுன்னா போடலாம், சொல்லும்மா."

"கேஸு வேண்டாங்க. கோர்ட்டுக்கு நடந்தா கூலி யாரு தர்றது?" அதுவரைக்கும் அடங்கியிருந்த அவள் குரல் இப்போது உயர்ந்தது. "முட்டையில இருந்து பாத்துட்டு வரேன். நாலுல ரெண்டு பொரிஞ்சுது. நோட்டு இல்லாம ஒரு மாசம் வெறும் கண்ணால பாத்தேன். நேத்து நோட்டு வந்துது. இன்னைக்குக் காத்தால பெரிசு கிளையில வந்து நின்னு சிறகை விரிச்சு விரிச்சுப் பாக்குது. பறக்கப் போவுதுன்னு நான் பென்சிலைத் தேடறேன், நீங்க ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்தறீங்க! பொழுதன்னிக்கும் இங்க உக்கார வெச்சுட்டு, இப்ப கேஸு போடவான்னா?"

மாரிசாமி அவள் முந்தானையை இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள். உதயகுமாருக்குக் கோபம் வரவில்லை. அன்று காலையிலிருந்து நியாயமாக எரிச்சல்பட்ட ஒரே ஆள் அவள்தான் என்று பட்டது.

"ஒண்ணரை மணிக்கு ரெண்டும் கூட்டுலதான் இருந்துது" என்றார். "மாஸ்டர், நீங்க புகாரை வாபஸ் எழுதிக் குடுங்க. அஞ்சு மணிக்கு ஹாலுக்குப் போயி, இன்னைக்குக் கண்காட்சி இல்லை, ஏன் இல்லைங்கறதையும் உங்க வாயால சொல்லுங்க. அம்மா கூட வருவாங்க."

"வருவேன்" என்றாள் வாலாம்பாள்.

காவேரியைக் கட்டடத்தில் கொண்டுபோய் விட மதன் ஜீப்பைக் கிளப்பப் போனார். இரண்டு முறை உறுமி, மூன்றாவது முறை செத்துப்போனது.

"தள்ளுங்கப்பா" என்றார் உதயகுமார்.

மாரிசாமி தோளைக் கொடுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த சாம்பசிவன் படியில் தயங்கி நின்றார். பிறகு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, அவனுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். காவேரி முன்சீட்டில் உட்கார்ந்து, நோட்டின் மீதிக் காலிப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் பென்சில் அவள் கொண்டையில் செருகியிருந்தது.

"சட்டுனு தள்ளுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "வெளிச்சம் போவுது."