பதினேழாவது வரி

நவம்பர் 11, பிற்பகல் 2.10 மணி. மருத்துவமனையின் அடித்தளத்தில் உள்ள சர்வர் அறையில், வெளியார் நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் கோப்பின் பதினேழாவது வரி இல்லை.

மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளே காலையில் எழுதிய வரி. மருந்து ஏற்றும் பம்ப்புகளை வெளியிலிருந்து யாரும் தொடக் கூடாது என்பதுதான் அதன் பொருள். முந்தைய நாள் யாரோ சர்வருக்குள் புகுந்திருந்தார்கள். மூன்றாம் மாடியில், ஒன்பதாம் படுக்கையில், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த அவளுடைய அக்காவின் கையில் அப்படியொரு பம்ப் வலிமருந்தை இறக்கிக்கொண்டிருந்தது. வரியை மறுபடி எழுதினாள். நான்கு நிமிடத்தில் மறைந்தது. மறுபடி எழுதினாள்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில், சூடேறிய பிளாஸ்டிக்கும் பழந்தூசியும் கலந்த வாடையினூடே, விசிறிகளின் இரைச்சல் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. வரி அழியும் கணத்தில் மட்டும் அது மூச்சைப் பிடித்து நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்ந்தது.

மேலாளரை அழைத்தாள்.

“சர்வரை நிறுத்திடலாம் சார்.”

“நிறுத்தினா வார்டுல ஒரு ரிப்போர்ட்டும் தெரியாது. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா.”

“திருடன் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கான் சார். நீங்க கதவைச் சாத்திட்டுத் திறக்கச் சொல்றீங்க.”

“திங்கக்கிழமை கம்பெனி ஆள் வருவாரு. அதுவரைக்கும் சமாளி.”

வைத்துவிட்டார்.

ஏழாவது முறை எழுதியதும், பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பைப் பூட்டினாள். கணினி நிர்வாகியே நினைத்தாலும் மாற்ற முடியாத பூட்டு. பூட்டை விடுவிக்கும் நிரலையும் அழித்தாள். இனி அவளாலேயே கோப்பை மாற்ற முடியாது, படிக்கத்தான் முடியும்.

ஐந்து நிமிடம். பத்து. வரி அப்படியே இருந்தது. அன்று முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. அக்கா.

“ஏன்டி, உன் மெஷின் என்னைப் பாத்துக் கீச்சுக் கீச்சுங்குது.”

“என்ன நம்பர் காட்டுது?”

“நாலு. காலைல ரெண்டுதான் இருந்துச்சு. நல்லதாப் போச்சு, வலியே தெரியல.”

“அக்கா, நர்ஸைக் கூப்பிடு. ஊசியை எடுக்கச் சொல்லு. இப்பவே.”

“கத்தாதடி… தூக்கம் தூக்கமா வருது…”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் பென் டிரைவில் இருந்த வேறொரு நிரலால் அதே கோப்பைப் படித்துப் பார்த்தாள்.

பதினேழாவது வரி: பம்ப்புகள். எவருக்கும் அனுமதி.

அவள் எழுதியது எதுவும் கோப்பில் ஏறவே இல்லை. வரியை அழிப்பதும், அவள் எழுத எழுத அதைக் காட்டுவதும், திரையில் மட்டும் நடந்திருக்கிறது. ஏழு முறையும். அவள் பூட்டி வைத்தது இந்த அனுமதியைத்தான்.

“அக்கா!”

மூச்சுச் சத்தம். நீளமாக. பிறகு இன்னும் நீளமாக.

எழுந்து சர்வர் அலமாரியின் பின்னால் கைவிட்டாள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். ஒன்றே ஒன்றுதான். சர்வரிலிருந்து எதுவும் வெளியே போக வேறு வழி இல்லை.

காலித் துளையருகே, இணைப்பு இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு சிமிட்டியது.

நிற்கவில்லை.

திரையில் பதினெட்டாவது வரி. ஒவ்வோர் எழுத்தாக. நிதானமாக. ஒரு பிழை. திருத்தம். மறுபடி.

மூன்றாம் மாடி. படுக்கை ஒன்பது.

2.58-க்கு அந்தப் பம்ப்பின் வேகம் நான்கிலிருந்து நாற்பதானது. கேபிள் அவள் கையில் இருந்தது.