நானூறு பேருக்கு மதிய சாப்பாடு

"கால் தவறி விழுந்துட்டா. அவ்வளவுதான். இதுக்கு மேல நீ..."

"தவறலை சார். தள்ளியிருக்காங்க. அக்கா தினமும் இருபது தடவை ஏறி இறங்குற படி அது..."

"நான் பேசி முடிச்சுடறேன்..."

"நீங்க பேசி முடிச்சா கேஸும் முடிஞ்சுடும். அதான் வாயை மூடாம இருக்கேன்."

சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு மையம். காலை ஒன்பதரை.

நூலகத்தின் இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே, வெள்ளைத் துணிக்கு அடியில் ஓர் உடல். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. விரலில் மை.

அந்தக் கைக்கு உரியவளை நேற்றுவரை எல்லாரும் 'அகராதி' என்றுதான் கூப்பிட்டார்கள். மையத்தின் ஃபெல்லோஷிப்பில் இருந்த மாணவர்களில் மூத்தவள். ஓர் அயல்நாட்டின் பத்திரிகைகளை அந்த நாட்டு மொழியிலேயே படித்து, அங்கே ஆயுத ஆலைகளில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

கத்திக்கொண்டிருந்தவள் அவளுக்கு அடுத்த வருஷத்து மாணவி.

எதிரே நின்றவர் இயக்குநர். அந்த நாட்டைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் டி.வி.க்காரர்கள் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"உன் ஃபெல்லோஷிப் என் கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்க."

"கேன்சல் பண்ணுங்க. மதியத்துக்குள்ள பெட்டியைக் கட்டிடறேன். ஆனா அக்கா சாவை 'விபத்து'ன்னு எழுத விடமாட்டேன்."

"எழுத வேண்டியவ நான்தான்."

குரல் வாசலிலிருந்து வந்தது. பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"நீ சொல்லும்மா."

மாணவி செல்போனை நீட்டினாள். காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த செய்தி.

'வாயாடி, எழுந்திரு. ஆலை மூடலைடி. அந்த ஊர்ப் பேப்பர்லயே இருக்கு. ஆலை கேன்டீனுக்கு டெண்டர். நானூறு பேருக்கு மதிய சாப்பாடு. பேப்பரோட போய் சார்கிட்ட கேக்கப் போறேன்.'

"எந்த ஆலை?"

"ஏவுகணை ஆலை மேடம். அதை மூடிப் பத்து வருஷமாச்சுன்னு சார் புத்தகமே எழுதியிருக்கார். அடுத்த வாரம் அரசாங்கத்துக்கு ஆலோசகராப் போறதே அந்தப் புத்தகத்தை வச்சுத்தான். மூடின ஆலையில நானூறு சாப்பாடு யாருக்கு மேடம்? பேய்க்கா?"

"அவ என்கிட்ட வரவே இல்லை," என்றார் இயக்குநர். "ஏழரைலேருந்து நான் என் ரூம்ல இருந்தேன்."

"கதவு ரெஜிஸ்டரைப் பார்த்துட்டுதான் வர்றேன். எட்டரைக்கு நூலகர் வந்து உடம்பைப் பார்த்திருக்கார். அதுக்கு முன்னாடி கார்டு தேய்ச்சு உள்ள வந்தது ரெண்டே பேர். நீங்க... அப்புறம் செத்துக் கிடக்கிற இந்தப் பொண்ணு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேப்பர் மாடி மேசையிலேயே கிடந்தது. மாணவி எடுத்து வந்து விரித்தாள்.

முதல் பக்கம் இல்லை. பிளேடால் வெட்டிய நேர்க்கோடு.

"பார்த்தீங்களா?" இயக்குநரின் குரலில் தெம்பு வந்தது. "இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா. மாட்டிக்குவோம்னு அவளே வெட்டிட்டா."

மாணவிக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"அந்த முதல் பக்கத்தைப் போன வாரம் மொழிபெயர்த்தவ நான் சார். ஆலை வாசல் படம் பெரிசா இருக்கும். செய்தி என்ன தெரியுமா? சைக்கிள் பந்தயம். கேன்டீன் டெண்டர் ஏழாம் பக்கம். படம் கிடையாது, வெறும் எழுத்து. இதோ... பத்திரமா இருக்கு."



"அதாவது..." இன்ஸ்பெக்டர் மெல்ல இழுத்தார். "வெட்டின ஆளுக்குப் படம் பார்க்கத் தெரியும். படிக்கத் தெரியாது."

"அக்காவுக்கு அந்த மொழி தண்ணி பட்ட பாடு மேடம்."

"எனக்கும்தான்." இயக்குநர் முந்திக்கொண்டார். "முப்பது வருஷமா அதுல ஊறினவன். அப்போ நாங்க ரெண்டு பேருமே வெட்டலைன்னு ஆகுதே?"

"ஆகுது சார். மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்." இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைப் புரட்டி, மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் விரல் வைத்தார். "இதுல ரெண்டு வரி மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

"இது... பக்கத்துல பார்க்கிற கண்ணாடி இல்ல..."

"பரவாயில்ல. தள்ளி வச்சே படிங்க."

இயக்குநர் குனிந்தார். மூக்கு நுனியில் வியர்வை முத்து.

"ஆலையில்... உற்பத்தி... நிரந்தரமாக நிறுத்தப்பட்டதாக... அதிகாரிகள்..."

மாணவி எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அது காணாமப் போன பூனை விளம்பரம்."

வரிகளில் விரலை ஓட்டி அவளே படித்தாள்.

"காது கிழிஞ்ச சாம்பல் பூனை. கூப்பிட்டா வராதாம். மீன் காட்டணுமாம்."

இயக்குநரின் கை அவரை அறியாமலே கோட்டுப் பையைப் பொத்தியது. கான்ஸ்டபிள் அந்தக் கையை விலக்கினார்.

நாலாக மடித்த முதல் பக்கம். ஆலை வாசல். வரிசையாகச் சைக்கிள்கள். கூடவே ஒரு பிளேடு.

"முப்பது வருஷம்..." மாணவி அவர் எதிரே வந்து நின்றாள். "வருஷா வருஷம் எங்களை மாதிரி நாலு பேரைச் சேர்த்தீங்க. நாங்க படிச்சுச் சொன்னதை உங்க பேர்ல போட்டீங்க. ஒருத்தரும் கேக்கலை. அக்கா பேப்பரை நீட்டி, 'நீங்களே படிங்க'ன்னு சொல்லியிருப்பா. அதானே?"

"கெஞ்சினேன்..." இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினேன். காதுலயே வாங்காம படியில இறங்கினா..."

"சொல்லத்தான் போறோம் சார். ஏழாம் பக்கம் என் கட்டுரையில வரும். அக்கா பேர் முதல்ல, என் பேர் ரெண்டாவது. உங்க பேர் அடிக்குறிப்புல கூட வராது."

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இயக்குநர் முன்னால் வைத்தார்.

"வாக்குமூலத்தை நம்ம மொழியிலயே எழுதிக்கலாம் சார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்களே படிச்சுக்குவீங்களா... இல்ல, அதுக்கும் ஒரு ஸ்டூடண்டைச் சேர்க்கணுமா?"