அலமாரியில் ஒரு ஜோடி

அலமாரியிலிருந்த பூட்ஸுக்குள் கையை விட்ட யித்கா வெடுக்கென்று வெளியே எடுத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அலமாரியோ வாசலோரம், அடுப்பின் சூடு எட்டாத மூலையில், ஜன்னலிடுக்கு வழியாகச் சாரல் தெறிக்கும் இடத்தில் இருந்தது.

“யாரோ இப்பதான் கழட்டி வெச்ச மாதிரி இருக்கு.”

“அலமாரியில இருக்கறது வர்றவங்களுக்குத்தான்,” என்றார் ஸ்தோயன். “போறவங்க விட்டுட்டுப் போவாங்க, வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க. உங்க செக் நாட்டு பூட்ஸு எங்க ரீலா மலை மழைக்கே வாயைப் பொளந்துடுச்சே, பாவம்.”

அவர் மனைவி ரத்கா சிரித்தாள். இருவரும் அடுப்பை ஒட்டிய பெஞ்சில், இடுப்புக்குக் கீழே ஒரே கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். இந்த மலைக்குடிலை நடத்துபவர் ரொட்டி வாங்கக் கீழே ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தனியாக மலையேற வந்த இடத்தில் துணைக்கு இருவர் கிடைத்ததில் யித்காவுக்கு நிம்மதிதான். ஆனால் அவள் வந்ததிலிருந்து அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கிண்ணம், கரண்டி எல்லாம் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

விடிந்ததும் கணவாயைக் கடந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவளுடைய பூட்ஸின் அடிப்பாகம் பாதி வழியிலேயே பிய்ந்துபோயிருந்தது. வெறுங்காலோடு அந்தக் கற்களில் நடப்பது ஆகிற காரியமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரி ஜோடியைக் கவிழ்த்துத் தட்டினாள். மஞ்சளாய் ஒரு கால் நகம் விழுந்தது. திரிந்த பாலும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை தொண்டை வரை ஏறி, குடித்த அவரைக்கொட்டை சூப்பை மேலே தள்ளியது. அடுத்தவர் அழுக்கில் காலை விடுவதா என்று கூசினாள். ஆனாலும் விட்டாள்.

அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“பார்த்தியா, உனக்குன்னே வெச்சிருக்கு,” என்றாள் ரத்கா.

மழை தகரக்கூரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது, அடுப்பில் ஈரவிறகு சீறிக்கொண்டிருந்தது, அந்த இரண்டுக்கும் அடியில் எங்கேயோ, குழந்தை விரல் சூப்புவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. முதலில் சூப் கொதிப்பதாக நினைத்தாள். பிறகு, பாதத்தில் கொழகொழவென்று ஈரம் ஊறுவது தெரிந்தது. விரலிடுக்கில் ஏதோ நுழைந்தது. மெதுவாக. நக்குவதுபோல.

கயிற்றை அவிழ்த்தாள். இழுத்தாள். வரவில்லை. கயிற்றுக்கு அடியிலிருந்த நாக்குப் பட்டையை விலக்கினாள். தோல் இல்லை. ஈறு. சிவந்த, வழவழப்பான ஈறு, அவள் கணுக்காலை ஒட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலுறையைக் காணோம். வலியும் இல்லை.

“அக்கா, வர மாட்டேங்குது. பிடிச்சு இழுங்க. ஐயோ, கொஞ்சம் எழுந்து வாங்களேன்.”

“இழுக்காத கண்ணு. இழுத்தாதான் வலிக்கும். காலைல தானா விட்டுடும்.” ரத்கா நகர்ந்து பெஞ்சில் இடம்விட்டாள். “எங்களுக்கும் அப்படித்தான். இங்க வந்து உக்காரு, சூடா இருக்கும்.”

அவள் நகர்ந்ததில் கம்பளி சரிந்தது. நான்கு கால்கள் கணுக்காலோடு முடிந்திருந்தன. பிசைந்த மாவுருண்டைபோல உருண்டு, எச்சில் பளபளப்போடு.

யித்கா வாந்தியெடுத்தாள். கதவை நோக்கி அடி வைத்தாள். பூட்ஸ் தரையைவிட்டு எழும்பவில்லை. விழுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே, படிக்கட்டில், யாரோ சேற்றை உரசித் துடைக்கும் சத்தம். களைத்த ஒரு பெண்குரல். “உள்ளே யாராவது இருக்கீங்களா?”

கத்துவதற்கு யித்கா வாயைத் திறந்தாள். சத்தம் வருமுன் அலமாரியைப் பார்த்துவிட்டாள். அங்கே மீதியிருந்த ஜோடிகள் அனைத்தும் கதவுப் பக்கம் முனை திருப்பி, மெல்ல நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தன.