கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

மரத்துப்போன கன்னத்தில் ஆட்டுத்தோலின் வழுவழுப்பு தெரிந்தபோது ஷர்மிளாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஆம்பூர் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாகத் தோலைத் தரம் பிரிப்பவள் அவள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் தோலை விரித்து, புறங்கையால் தடவி, மடித்து, மடிப்பின் அடியிலிருந்து கட்டைவிரலால் மெல்ல மேலே தள்ளி, சுருக்கம் விழுகிறதா என்று பார்த்து ஒதுக்குவாள். கெமிக்கல் பட்டுப் பட்டு விரல்நுனிகள் மழுங்கிவிட்டதால், சந்தேகமான தோலை மட்டும் இடது கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது வழக்கம். முகத்து நரம்பில் ஆபரேஷன் முடிந்து வேலைக்கு வந்த முதல் வாரம், பழக்கதோஷத்தில் அப்படித்தான் ஒற்றினாள். தெரிந்தது. தோலைக் கீழே வைத்தாள். அப்போதும் தெரிந்தது.

"நசீமாக்கா, என் கன்னத்துல எதாச்சும் ஒட்டிக்கினு இருக்குதா?"

பக்கத்து மேஜை நசீமுன்னிசா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லியேடி. இன்னா, மறுபடியும் வலியா?"

"வலி இல்லக்கா. யாரோ தடவுற மாதிரி இருக்குது."

வலி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்தக் கன்னத்தில் காற்று பட்டாலே ஷாக் அடித்தது. ஃபேன் போட முடியாது, பல் தேய்க்க முடியாது. பல்தான் காரணம் என்று நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கியது வேறு கதை. கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர் ஊசியை உள்ளே விட்டு நரம்பைச் சுட்டார். வலி போயிற்று, கூடவே கன்னமும் போயிற்று. போனது போகட்டும் என்று நிம்மதியாகத்தான் இருந்தாள்.

சனிக்கிழமை அந்த டாக்டரிடமே போனாள். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"முகத்தைத் தொட்டா அந்தச் சேதி முதல்ல மூளைத்தண்டுக்குப் போகும்மா. தொடுற உணர்ச்சிக்கு அங்க ஒரு இடம். வலிக்கும் சூட்டுக்கும் வேற இடம், அது கீழ கழுத்து வரைக்கும் நீளும். உங்க இடது பக்கத்து நரம்பைச் சுட்டதால அங்க இப்ப சேதி சரியா வர்றதில்ல. சேதி வராத இடம் சில சமயம் தானாவே பேச ஆரம்பிச்சிடும். யாரும் தொடாமலே தொட்ட மாதிரி இருக்கும்."

"பயம் ஒண்ணும் இல்லியா சார்?"

"கையை மட்டும் அங்க கொண்டு போயிடாதீங்க. வலிக்காததால தெரியாமலே சொறிஞ்சி, மூக்கோரம் கரைஞ்சிபோனவங்கள பார்த்திருக்கேன்."

திரும்பி வரும் பஸ்ஸில், டீசல் வாடைக்கும் ஜன்னல் கடகடப்புக்கும் நடுவில் அது மறுபடி தொடங்கியது. காதோரத்திலிருந்து தாடை வரை ஒரு புறங்கை மெதுவாக இறங்கியது, நின்றது, எதையோ யோசிப்பதுபோல அதே இடத்துக்குத் திரும்பியது, பிறகு கன்னத்தை இரு விரலால் மடித்து, மடிப்பின் அடியில் கட்டைவிரலை வைத்துத் தள்ளியது. மேஜைமேல் ஷர்மிளா தோலைப் பார்க்கும் அதே வரிசை. தானாகப் பேசுகிற நரம்புக்கு இந்த வரிசை எப்படித் தெரியும்? இது வேலை தெரிந்த கை.

ஒரு தோலுக்கு அவள் அரை நிமிடத்துக்குமேல் எடுத்துக்கொள்ள மாட்டாள். இந்தக் கைக்கு அவசரமே இல்லை. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

நான்காம் நாள் காலையில் மூக்கோரத்தில் ரத்தம். பச்சைப்பயறு அளவு புண். ஒரு வாரத்தில் அது கொட்டைப்பாக்கு அளவானது. துளி வலி இல்லை.

"நீயேதான் தூக்கத்துல சொறிஞ்சிக்கிற ஷர்மி. டாக்டர் சொன்னாருல்ல?" என்றான் புருஷன் ஜோசுவா.

அப்படித்தான் இருக்கட்டும் கர்த்தரே என்று அவள் மனமார வேண்டிக்கொண்டாள். தன் கை என்றால் கட்டிப்போடலாம். புண் ஆறும், முகம் மிஞ்சும். தன் கை இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "கட்டுங்க. கட்டிட்டு எதிர்ல உக்காந்து பாருங்க."

இரண்டு துப்பட்டாக்களால் அவள் கைகளை நாற்காலியோடு சேர்த்து ஜோசுவா இறுக்கிக் கட்டினான். டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, தூரத்தில் ரயில் போனது, தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தது. தடவல். மடிப்பு. கட்டைவிரல்.

"என் கை அசையுதாங்க?"

"இல்லியே."

"நல்லா பாருங்க."

"பார்த்துக்கினுதான் இருக்கேன். அசையல."

இடது கன்னத்தில் எல்லாம் நின்றது. இத்தனை நாளில் முதல்முறையாக அங்கே ஒன்றும் இல்லை. அவள் மூச்சை விட்டாள். கண்ணில் நீர் வந்தது.

"போய்டுச்சி. என்னங்க, போய்டுச்சி."

பிறகு வலது காதோரத்தில் புறங்கை பட்டது.

சில்லென்று இருந்தது. இந்தப் பக்கத்து நரம்பை யாரும் சுடவில்லை. இந்தப் பக்கம் நல்ல பக்கம். இங்கே தொட்டால்தான் தெரியும்.

கீழே இறங்கியது. நின்றது. திரும்பியது.

மடித்தது.

வலித்தது.

"அவுத்து வுடுங்க!"

ஜோசுவா அவிழ்க்கவில்லை. எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் பார்வை அவள் கண்ணில் இல்லை, கையில் இல்லை. டியூப்லைட்டின் எதிரில் டிவி அணைந்திருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவளும் பார்த்தாள்: வலது கன்னத்தில் யாரும் பிடிக்காமல் தோல் மடிந்து எழுந்து நின்றது, அதன் அடியில், சதைக்குள்ளிருந்து, கட்டைவிரல் அளவு மேடு ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.